கடிதம் வருமுன் கையெழுத்துப் போடாதீர்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மலாக்கா மாநிலத்தில், அலோர் காஜா மாவட்டத்தில், மஸ்ஜித் தானா என்றொரு சிறிய பட்டணம் இருக்கிறது. விடுமுறை நாளில் பெங்கலான் பாலாக் கடற்கரைக்கும் தஞ்சோங் பிடாராவுக்கும் போகிறவர்கள் வழியில் காரை நிறுத்தி ஒரு தே தாரேக் குடித்துவிட்டுப் போகும் ஊர். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர். இன்று பெரும்பாலும் செம்பனை. அந்தத் தோட்டங்களில் லயன் வீடுகளில் பிறந்த தமிழ்க் குடும்பங்களில் பல இன்று பக்கத்துத் தாமான்களில் குடியிருக்கின்றன. சில இன்னும் தோட்டத்திலேயே இருக்கின்றன.

அந்த ஊரின் லொண்டாங் பகுதியில்தான் மலாக்கா மெட்ரிகுலேஷன் கல்லூரி அமைந்திருக்கிறது. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகள் பெட்டி, தலையணையோடு அங்கே வந்து இறங்குகிறார்கள். அவர்களில் டாக்டராக வேண்டும் என்று சொல்லாத அறிவியல் மாணவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. எந்தப் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி என்பதைக் கல்வி அமைச்சுதான் முடிவு செய்கிறது. அதனால் லொண்டாங் கல்லூரி வேலியைப் பார்த்துக்கொண்டே பள்ளிப் பேருந்தில் போய் வந்த மஸ்ஜித் தானா பிள்ளைக்கு வேறு ஏதோ மாநிலத்தில் இடம் விழலாம். பினாங்குப் பிள்ளை இங்கே வரலாம்.

படிப்பு ஓராண்டில் முடிந்துவிடும். இன்றைய பேச்சு அந்தப் படிப்பைப் பற்றியதல்ல. படிப்பு முடிந்து பெட்டியோடு வீடு திரும்பிய பிறகு, பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வரும்வரை உள்ள அந்தச் சில மாதங்களைப் பற்றியது.

மூன்று காத்திருப்புகள்

மருத்துவம் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு நம் நாட்டில் காத்திருப்பு ஒன்றல்ல.

முதலாவது, எஸ்.பி.எம். முடிவு வந்ததும் மெட்ரிகுலேஷன் இடத்துக்காகக் காத்திருப்பது. இந்தியச் சமுதாயத்துக்கு இது பழைய வலி. பூமிபுத்ராக்களுக்கென்று இருந்த மெட்ரிகுலேஷனில் 2000-களின் தொடக்கத்தில்தான் மற்றவர்களுக்குப் பத்து விழுக்காடு திறந்துவிடப்பட்டது. 2012-இல் இந்திய மாணவர்களுக்கு 1,500 இடங்கள் என்று அறிவித்தார்கள். எத்தனை பேர் உண்மையில் வகுப்பில் உட்கார்ந்தார்கள் என்ற கேள்வி அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எழுந்தது. 2018-இல் 2,200 இடங்கள் என்றார்கள். 2024 ஜூன் 30-ஆம் தேதி பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார், எஸ்.பி.எம்.மில் பத்து ஏ-யும் அதற்கு மேலும் எடுத்த எல்லா இன மாணவர்களுக்கும் மெட்ரிகுலேஷனில் இடமுண்டு என்று அறிவித்தார். அதற்குக் கீழே எடுத்தவர்களின் வயிற்றில் பழைய கலக்கம் அப்படியேதான் இருக்கிறது. இடம் கிடைக்காதவர்கள் ஆறாம் படிவம் போய் எஸ்.டி.பி.எம். எழுதுகிறார்கள். அது நீண்ட வழி என்றாலும் நல்ல வழி. அதைக் குறைவாகப் பேசுவோர் அந்தத் தேர்வை ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும்.

இரண்டாவது, யு.பி.யு. வழியாக விண்ணப்பித்துவிட்டு நேர்காணல் அழைப்புக்காகக் காத்திருப்பது.

மூன்றாவது, நேர்காணலுக்குப் போய் வந்துவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பது. கிடைக்கவில்லை என்றால் மேல்முறையீடு. அதற்கும் ஒரு காத்திருப்பு.

இந்த மூன்றில் மிகக் கொடியது இரண்டாவதுதான். முடிவுக்குக் காத்திருக்கும்போதாவது ஒரு நாள் தெரியும். இந்தத் தேதியில், இத்தனை மணிக்கு வலைத்தளத்தில் பார்க்கலாம் என்று அறிவித்துவிடுவார்கள். நேர்காணல் அழைப்புக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. ஒரு பல்கலைக்கழகம் இன்று அழைக்கும், மற்றொன்று அடுத்த வாரம் அழைக்கும். அழைப்பு இல்லாதவருக்கு 'உங்களுக்கு அழைப்பு இல்லை' என்று யாரும் எழுதுவதில்லை. மௌனம்தான் பதில். அந்த மௌனம் 'இன்னும் வரவில்லை'யா, 'இனி வராது' என்பதா என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள்

மஸ்ஜித் தானாவில் ஒரு வீடு. அப்பா செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறார். அம்மா அலோர் காஜாவில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை செய்கிறார். மகள் மெட்ரிகுலேஷனில் 4.0 எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள். இது யாருடைய வீடும் அல்ல. ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும் பலருக்கு இது நம் வீடு மாதிரி இருக்கிறதே என்று தோன்றலாம்.

முதல் வாரம் எல்லாம் இனிப்பு. கோயிலில் அர்ச்சனை. இரண்டாம் வாரத்திலிருந்து கேள்வி தொடங்கும்.

கோப்பிக் கடையில் அப்பாவிடம்: "என்னண்ணே, டாக்டர் சீட்டு கெடச்சிருச்சா?"

திருமண மண்டபத்தில் அம்மாவிடம்: "அக்கா, எங்க நாத்தனார் பொண்ணுக்கு நேத்தே இன்டர்வியூ வந்துருச்சாமே, ஒங்க பாப்பாவுக்கு வரலியா?"

கேட்கிறவர் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனால் அந்தக் கேள்வி அன்றிரவு வீட்டுக்குள் வந்து படுத்துக்கொள்ளும். அம்மா சோறு போட்டுக்கொண்டே, "போன பாத்தியாம்மா?" என்பார். மகள், "பாத்தேன்மா" என்பாள். அரை மணி கழித்து அப்பா, "மெயில் பாத்தியா?" என்பார். மகள் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். மூவருக்கும் மூவர் மேலும் கோபமில்லை. இருந்தாலும் வீட்டில் பேச்சு நின்றுபோகும்.

முன்பெல்லாம் கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். கிராணி பெயரைப் படித்துக் கொடுக்கும்வரை உள்ளே இருப்பது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று தோட்டமே யூகித்துக்கொண்டிருக்கும். மலாய்க் கடிதத்தில் 'சுக்காச்சித்தா' என்று தொடங்கினால் மகிழ்ச்சி, 'டுக்காச்சித்தா' என்று தொடங்கினால் வருத்தம். சுகம், துக்கம் என்று நாம் சொல்லும் அதே சொற்களின் உறவுகள்தாம் அவை. ஆக, முதல் எழுத்தைப் பார்த்தாலே போதும். மலாய் சரியாகத் தெரியாத பாட்டிகூடக் கடிதத்தின் தலைப்பகுதியைப் பார்த்து முகம் வாடிய காலம் அது. இன்று கடிதம் இல்லை. கைத்தொலைபேசி இருக்கிறது. அது நாள் முழுக்கக் கையிலேயே இருப்பதால் காத்திருப்பும் நாள் முழுக்கக் கையிலேயே இருக்கிறது.

4.0 எடுத்தும் ஏன் அழைக்கவில்லை?

பெற்றோர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். 4.0 என்பது பெரிய சாதனை. ஆனால் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கும் கூட்டத்தில் அது அரிய எண் அல்ல.

2002-இல் அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்குத் தகுதி அடிப்படைத் தேர்வு முறை வந்தது. தொண்ணூறு விழுக்காடு கல்வித் தேர்ச்சி, பத்து விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. அதற்கு இரண்டே ஆண்டில், 2004-இல், எஸ்.டி.பி.எம். தேர்வில் முழுமையாக 4.0 எடுத்த 128 மாணவர்களுக்கு மருத்துவத்தில் இடமில்லை என்று செய்தி வந்தது. நாடே கொதித்தது. நாளிதழ்களைத் தொடர்ந்து படித்தவர்களுக்கு நினைவிருக்கும். விவகாரம் அமைச்சரவை வரை போனது. அதில் வெளிச்சத்துக்கு வந்த உண்மை எளிமையானது: முழு மதிப்பெண் எடுத்தவர்களின் எண்ணிக்கை இருக்கும் நாற்காலிகளை மீறிவிட்டது. மெட்ரிகுலேஷனில் எடுத்த 4.0-உம் எஸ்.டி.பி.எம்.மில் எடுத்த 4.0-உம் ஒரே எடையா என்ற வாதம் அன்று தொடங்கியது. இன்றும் ஓயவில்லை.

எல்லாரும் ஒரே மதிப்பெண் என்றால் எதை வைத்துப் பிரிப்பது? ஒன்று அந்தப் பத்து விழுக்காடு. இன்னொன்று நேர்காணல். 'பாட்டு, பந்து, சாரணர் என்று அலையாதே, புத்தகத்தை எடு' என்று நான்காம் படிவத்திலேயே பிள்ளையை அடக்கி வைத்த வீடுகள், இந்தக் கட்டத்தில்தான் அதன் விலையைத் தெரிந்துகொள்கின்றன.

வெளிநாடுகளில் எப்படி என்று சிலர் கேட்கலாம். பிரிட்டனில் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க அக்டோபர் 15 கடைசி நாள். ஒருவர் நான்கு மருத்துவப் பள்ளிகளுக்கு மட்டுமே விண்ணப்பிக்கலாம். அங்கேயும் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் நேர்காணலே இல்லை. நீட் தேர்வு, தர வரிசை, கலந்தாய்வு, அவ்வளவுதான். அந்த முறையில் மௌனம் இல்லை, ஆனால் வேறு கொடுமை இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் 1,200-க்கு 1,176 எடுத்த அரியலூர் மாவட்டத்து அனிதாவை 2017-இல் இழந்தோம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல்தான் வந்தது. இரண்டு முறைக்கும் உள்ள வேறுபாடு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே தன் வரிசை எண் என்ன, எந்த எண்ணோடு இடம் முடிந்தது என்று பிள்ளைக்குத் தெரியும். இங்கே நேர்காணலில் எத்தனை மதிப்பெண், எங்கே சறுக்கியது என்று பிள்ளைக்குச் சொல்வதில்லை.

இதை உயர்கல்வி அமைச்சு மாற்றலாம். பெரிய செலவு இல்லாத காரியம். எந்த வாரத்துக்குள் எல்லாப் பல்கலைக்கழகமும் நேர்காணல் அழைப்பை முடித்துவிடும் என்று ஒரு தேதி, பட்டியலில் இல்லாதவருக்கு ஒரு வரிக் குறுஞ்செய்தி. இரண்டையும் கொடுத்தால் ஆயிரக்கணக்கான வீடுகளில் தூக்கம் திரும்பும். நம் பிரதிநிதிகள் இடங்களின் எண்ணிக்கைக்காகக் குரல் கொடுக்கிறார்கள், கொடுக்கத்தான் வேண்டும். இதற்காகவும் ஒருமுறை வாய் திறந்தால் நல்லது.

கதவைத் தட்டுகிறவர்கள்

இப்போது அந்த மஸ்ஜித் தானா வீட்டுக்கே திரும்புவோம். ஆறாவது வாரம். அழைப்பு வரவில்லை. அம்மா யாரிடமோ கேட்டு ஒரு நம்பர் வாங்கி வருகிறார். மறுநாள் மாலை ஒருவர் வருகிறார். நல்ல சட்டை, கையில் வண்ணக் கையேடு.

"அண்ணே, அக்கா, கவர்மெண்ட நம்பிக்கிட்டு இருந்தா பொண்ணுக்கு ஒரு வருஷம் போயிரும். இருக்கறது கொஞ்ச சீட்டு. இன்னிக்குப் பதிவுப் பணம் கட்டுனா நாங்க புடிச்சு வச்சுக்குவோம். வெள்ளிக்கிழமைக்கு அப்பறம் சொல்ல முடியாது."

கவனியுங்கள். யு.பி.யு. முடிவு வராத வேளையில்தான் இவர் வருகிறார். முடிவு வந்த பிறகு வந்தால் பாதி வீடுகளில் அவருக்கு வேலை இருக்காது. காத்திருப்பின் பயம்தான் அவருடைய சரக்கு.

இதைச் சொல்வதால் தனியார் மருத்துவக் கல்லூரிகள் எல்லாம் மோசம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மலாக்காவிலேயே 1997-இல் மலாக்கா மணிப்பால் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. படிப்பின் முற்பகுதி இந்தியாவின் மணிப்பாலில், பிற்பகுதி இங்கே என்று நடத்தி எத்தனையோ டாக்டர்களை உருவாக்கியது. 2001-இல் ம.இ.கா.வின் முயற்சியில் உருவான ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் கெடாவில் இருக்கிறது. அரசாங்கக் கதவு மூடிய காலத்தில் இவை திறந்திருந்தன. வசதி உள்ளவர்கள், உபகாரச் சம்பளம் கிடைத்தவர்கள், கணக்குப் போட்டுப் பார்த்துச் சேர்ந்தவர்கள் நன்றாகவே வந்திருக்கிறார்கள்.

பிரச்சினை கணக்குப் போடாமல் கையெழுத்துப் போடுவதில்தான்.

ஒரு சின்னக் கணக்கு. 2025 பிப்ரவரி முதல் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஆண்டுக்கு 20,400 வெள்ளி. ஒரு தனியார் மருத்துவப் படிப்பு முழுவதற்கும் மூன்று லட்சம் வெள்ளி என்று வைத்துக்கொண்டால், சாப்பிடாமல், வாடகை கட்டாமல், ஒரு காசு செலவழிக்காமல் சேர்த்தாலும் பதினான்கு ஆண்டுக்கு மேலான முழுச் சம்பளம் அது. பதிவுப் பணமாக ஐயாயிரமோ பத்தாயிரமோ கேட்கும்போது அது சிறிய தொகையாகத் தெரிகிறது. ஏனென்றால் கண்ணுக்கு முன்னால் அந்தப் பணம்தான் இருக்கிறது. மீதி இரண்டாம் ஆண்டில், மூன்றாம் ஆண்டில் வரும். நகை அடகுக் கடைக்குப் போகிறது. ஊழியர் சேமநிதியில் பிள்ளைகளின் படிப்புக்கென்று எடுக்க அனுமதி உண்டு. 2024 மே மாதம் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகு அது 'செஜாத்ரா' கணக்கிலிருந்து வருகிறது. அது அப்பாவின் முதுமைக்கான பணம் என்பதைக் கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது ஆபத்து, அங்கீகாரம். 2000-களில் நம் இந்தியப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் உக்ரேனின் கிரிமியா மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். கட்டணம் குறைவு, இடம் சுலபம். 2005-இல் மலேசிய அரசாங்கம் அதன் அங்கீகாரத்தை மீட்டுக்கொள்வதாக அறிவித்தபோது எத்தனை வீடுகளில் அடுப்பு எரியவில்லை! ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த முடிவு பொருந்தாது என்று சொன்ன பிறகுதான் பெற்றோருக்கு மூச்சு வந்தது. அந்தச் சேதி இருபது ஆண்டு பழசு, பாடம் பழசாகவில்லை. மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் அந்தக் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். கையேட்டில் அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம். மன்றத்தின் பட்டியலைப் பாருங்கள். பதிவுப் பணம் எந்த நிலையில் திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் கேளுங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம் அண்ணே" என்பது எழுத்து ஆகாது.

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இடமில்லை என்று சொல்கிறவரிடம் யு.பி.யு. முடிவு வரும் தேதியைச் சொல்லுங்கள். அதுவரை இடத்தைப் பிடித்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், அந்த அவசரம் யாருக்கு என்று தெரிந்துவிடும்.

அந்த வாரங்களில் பிள்ளை என்ன செய்யலாம்?

முதலில் மிகச் சாதாரணமான ஒன்று. விண்ணப்பத்தில் கொடுத்த கைத்தொலைபேசி எண் உயிரோடு இருக்கிறதா? ப்ரீபெய்ட் எண்ணில் பணம் போடாமல் விட்டால் செத்துப்போகும். கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருந்தால், படிப்பு முடிந்த பிறகு அது திறக்குமா? அழைப்பு சில நேரம் மின்னஞ்சலின் குப்பைப் பெட்டிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். விண்ணப்பித்த ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் வலைத்தளத்தையும் பார்க்க வேண்டும். ஆனால் நாளுக்கு ஒருமுறை, ஒரு நேரம் வைத்துப் பார்த்தால் போதும். காலையில் பார்த்தாயிற்று என்றால் மறுநாள் காலைவரை அந்தப் பேச்சு வீட்டில் வேண்டாம். அப்பா, அம்மாவுக்கும் இது பொருந்தும்.

அடுத்தது நேர்காணல். அழைப்பு வந்த பிறகு தயாராகலாம் என்று இருப்பவருக்கு நாள் போதாது. பல இடங்களில் இப்போது சிறு சிறு அறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சில நிமிடம் ஒரு கேள்வி என்று நடத்துகிறார்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2000-களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை அது. ஓர் அறையில் கோபமான நோயாளியாக ஒருவர் நடிப்பார். இன்னொன்றில், சக மாணவன் தேர்வில் ஏமாற்றுவதைப் பார்த்தால் என்ன செய்வாய் என்று கேட்பார்கள். இதற்கு உயிரியல் புத்தகத்தில் விடை இல்லை.

இங்கேதான் தோட்டப்புறப் பிள்ளைகள் தங்களை அறியாமலே பெரிய சொத்தோடு போகிறார்கள். 'ஏன் மருத்துவம்?' என்ற கேள்விக்கு, 'சிறு வயது முதல் மக்களுக்குச் சேவை செய்ய ஆசை' என்று மனப்பாடம் செய்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வருகிறார்கள். அந்த வாக்கியத்தைத் தேர்வாளர்கள் அன்று காலையிலிருந்து முப்பது முறை கேட்டிருப்பார்கள். அதே பிள்ளையின் தாத்தா, தோட்டத்து டிஸ்பென்சரியில் டிரெசர் கொடுத்த மருந்தை மட்டுமே நம்பி வாழ்ந்திருப்பார். பாட்டிக்கு இனிப்பு நீர். காலில் புண் ஆறாமல் மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிக்கொண்டு போவது என்று வீட்டில் சண்டை நடந்திருக்கும். அங்கே டாக்டர் மலாயில் சொன்னதைப் பாட்டிக்குத் தமிழில் சொல்லிக் கொடுத்தது இந்தப் பிள்ளைதான். நம் சமுதாயத்தில் நீரிழிவு மற்ற இனங்களைவிட அதிகம் என்று 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வும் காட்டியது. பிள்ளை அதைத் தன் வீட்டு அடுப்படியிலேயே பார்த்திருக்கிறது. இதைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள். ஏழ்மையைக் காட்டிக்கொள்வதாக நினைக்கிறார்கள். அதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் தெளிவான மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்லப் பழக வேண்டும். கண்ணாடி முன் பேசுவதைவிட, மலாய்த் தோழி ஒருத்தியை எதிரே உட்காரவைத்துப் பேசுவது நல்லது. தப்பு செய்தால் அவள் சிரிப்பாள், கண்ணாடி சிரிக்காது.

வேலைக்குப் போகலாம். மஸ்ஜித் தானாவில் மருந்துக் கடைகள் உண்டு, தனியார் கிளினிக்குகள் உண்டு. முதியோர் இல்லத்தில் வாரம் ஒருநாள் உதவலாம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம். நேர்காணலில் சொல்ல ஏதுவாகும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். காலை எழுந்தால் போக ஓர் இடம் இருப்பதே அந்த வயதில் பெரிய மருந்து. பிள்ளை சாப்பிடவில்லை, பேசவில்லை, தூங்கவில்லை என்று தெரிந்தால் 'எல்லாம் முடிவு வந்தா சரியாயிரும்' என்று தள்ளிப்போடாதீர்கள். பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ கிளினிக்கிலோ பேசுங்கள். பிஃப்ரெண்டர்ஸ் போன்ற தொலைபேசிச் சேவைகள் இருக்கின்றன. டாக்டராக வேண்டிய பிள்ளையை டாக்டரிடம் கூட்டிப்போகத் தயங்குவானேன்?

விண்ணப்பத்தில் மருத்துவத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்பதும் முக்கியம். பல பிள்ளைகள் முதல் சில வரிகளில் மருத்துவம், மருத்துவம், மருத்துவம் என்று எழுதிவிட்டு, கடைசி வரிகளைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புகிறார்கள். பிறகு அந்தக் கடைசி வரியில்தான் இடம் கிடைக்கிறது. 'இது நான் கேட்காத படிப்பு' என்று அழுகை. கேட்டதுதானம்மா, கவனிக்காமல் கேட்டது. மருந்தகம், பல் மருத்துவம், உயிர்மருத்துவ அறிவியல், உடற்பயிற்சிச் சிகிச்சை என்று மனம் ஒப்பும் வரிசையில் கீழ்வரிகளையும் எழுத வேண்டும்.

முடிவில் 'டுக்காச்சித்தா' வந்துவிட்டால், மேல்முறையீட்டுக்குக் கொடுக்கும் நாட்கள் மிகக் குறைவு. அந்த நாட்களை அழுகையிலும் அரசியல்வாதி வீட்டு வாசலிலும் கழித்துவிட்டுக் கடைசி இரவில் கணினி முன் உட்காரும் குடும்பங்கள் உண்டு. முதலில் விண்ணப்பத்தை அனுப்புங்கள். பிறகு யாரைப் பார்க்க வேண்டுமோ பாருங்கள். கிடைத்த வேறு படிப்பை ஏற்றுக்கொண்டே மேல்முறையீடு செய்யலாமா என்பதற்கு அந்தந்த ஆண்டு விதியைப் படித்துப் பார்க்க வேண்டும். போன ஆண்டு அண்ணன் செய்ததைப் பின்பற்றக் கூடாது.

வெள்ளைக் கோட்டுக்குப் பிறகும்

இடம் கிடைத்துவிட்டால் காத்திருப்பு முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒரு சேதி. பட்டம் வாங்கிய பிறகு பயிற்சி மருத்துவர் இடத்துக்குச் சில மாதங்கள் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். மருத்துவக் கல்லூரிகள் பெருகிவிட்டன என்று 2011 மே மாதம் புதிய மருத்துவப் படிப்புகளுக்கு அரசாங்கம் தடை போட்டது. 2016 டிசம்பரிலிருந்து புதிய டாக்டர்கள் ஒப்பந்த அடிப்படையில் எடுக்கப்பட்டார்கள். நிரந்தர வேலை எப்போது என்று தெரியாமல் 2021 ஜூலை 26-ஆம் தேதி, கோவிட் உச்சத்தில் இருந்த நேரத்தில், ஒப்பந்த டாக்டர்கள் மருத்துவமனைகளைவிட்டு வெளியே வந்து நின்றார்கள். பதினெட்டு வயதில் பழகிய காத்திருப்பு இருபத்தாறு வயதிலும் கூடவே வருகிறது. வீடு, நகை, சேமநிதி எல்லாவற்றையும் வைத்துப் படிக்க வைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 'டாக்டர் ஆயிட்டா ரெண்டு வருஷத்துல அடைச்சிரலாம்' என்ற வாக்குறுதியைச் சொல்கிறவர் கடனை அடைக்கப் போவதில்லை.

மஸ்ஜித் தானா வீட்டில் அந்த மனிதர் கையேட்டை மேசையில் விரித்துவிட்டு, பேனாவை மூடி திறந்து அப்பாவிடம் நீட்டுகிறார். அம்மா அப்பாவைப் பார்க்கிறார். மகள் அறை வாசலில் நிற்கிறாள்.

அப்பா பேனாவை வாங்கவில்லை. "தம்பி, முடிவு வர இன்னும் மூணு வாரம் இருக்கு. இந்தத் தாள வச்சிட்டுப் போங்க. நானே கூப்புடறேன்" என்கிறார். பிறகு மகள் பக்கம் திரும்பி, "நீ நாளைக்கு டியூஷனுக்குப் போவணும்ல, போய்ப் படும்மா" என்கிறார். அந்தத் தாளைச் சாமி மாடத்துக்குக் கீழே, மின்சாரக் கட்டண ரசீதுகளோடு அம்மா எடுத்து வைக்கிறார்.